பஞ்சப்பாட்டு

கழுத்துவரை நிரப்பினாலும்
காலி என்றுதான் சொல்லும்.
அறுபத்தாறாம் வருஷத்து ஃபோர்டு, பாசிப் பச்சை.
விற்ற ட்வெய்ட் எதையும் மறைக்கவில்லை.
"முள்ளை மட்டும் நம்பாதே,
மற்றதெல்லாம் யோக்கியம்."

இருக்கிறவன் பாடும் பஞ்சப்பாட்டு
எனக்குப் புதிதில்லை.
மூவாயிரம் ஏக்கர் கோதுமைக்காரர்கள்
காபிக் கடையில் சில்லறை தடவுகிற
மொன்டானா ஊர் இது.

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில்.
நிரப்பிய நாள், ஓடிய மைல்.
மிச்சத்துக்குக் காது இருந்தது:
இந்த வண்டியில் டாங்க் இருக்கைக்குப் பின்னால்.
பிரேக் போட்டால்
முதுகுக்குப் பின் ஒரு குளம்
புரண்டு படுக்கும்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்,
ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வரும்போது
முள் உண்மையைச் சொன்னது.
எப்போதும் சொல்வதையேதான் சொன்னது.
நான் நோட்டில் எழுத மறந்திருந்தேன்.

சாலை நேராகப் போய் வானத்தில் முட்டும் இடம்.
காற்று கதவைத் திறக்கவிடவில்லை.
ஒரு மணி நேரம் கழித்து
சர்க்கரை பீட் ஏற்றி வந்த ரோன்டா
ஒரு கேலன் ஊற்றிவிட்டு, முள்ளைப் பார்த்து,
"இவ்வளவு தெளிவா சொல்லுதே!" என்றாள்.

ஞாயிறு. கொட்டகை. போன் ஸ்பீக்கரில் வெர்லின்,
வடக்கு டகோடாவின் எண்ணெய்க் கிணற்றிலிருந்து.
"சூடு காட்டுற முள் ஏறுதா?"
"ஏறுது."
"அப்ப ரெகுலேட்டர் பிழைச்சுது.
டாங்குக்குப் போற வயரைக் கழட்டி
உடம்புல தொடு."
"யார் உடம்புல?"
"வண்டி உடம்புலடி."

தொட்டேன்.
மயக்க மருந்து தெளிகிறவளைப் போல
முள் மெல்ல அசைந்து, யோசித்து,
நிறைவு வரை எழுந்தது.
வயரை எடுத்தேன். சரிந்தது.
இத்தனை நாள் அதைத் திட்டியது தப்பு.
கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறது.

ஷிஃப்டுக்கு மணியடித்து வெர்லின் போய்விட்டான்.
குழாய் வைத்து பெட்ரோலை இறக்கினேன்,
சாய்மானத்தைக் கழற்றினேன்.
பூட்டு வளையத்தைப் பித்தளை உளியால் தட்டினேன்;
இரும்பு பொறி விடும்.
கால் மணி நேரம் முரண்டு பிடித்து
வளையம் ஒரு விரற்கடை நகர்ந்தது.
வெளியே வந்தது ஒரு மெலிந்த கம்பிக் கை,
நுனியில் மிதவை.
காதருகே ஆட்டினேன்.
உள்ளே
சளக்.

எதன் மேல் மிதக்க வேண்டுமோ
அதையே குடித்துக் குடித்து
அடியில் கிடந்திருக்கிறது.
வெளியே வாளி வெந்நீரில் அமுக்கினேன்,
தையலோரம் ஒரே ஒரு ஊசிக்கண்,
அதிலிருந்து குமிழி, குமிழி, குமிழி.

ஈயம் வைத்து அடை என்றான் வெர்லின், மறுநாள்.
பன்னிரண்டு டாலருக்குப் புதிது வரவழைத்தேன்.
பழையதை வாளியோடு கொட்டகையில் விட்டேன்.

வியாழன், பங்க்கில், சாவியைத் திருப்பியபோது
முள் கிளம்பியது.
வண்டிக்கு வெளியே நின்றிருந்த பையனிடம்
"பார், பார்" என்றேன்.
அவன் எதைப் பார்ப்பது என்று தெரியாமல்
என்னைப் பார்த்தான்.

நாற்பது மைல் ஓடிய பின் போன்.
"எப்படி இருக்கே?"
"கொஞ்சம் குறைஞ்சு."
வண்டியைச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.
"நீ?"
"ஃபுல்."
வெர்லின் எப்போதும் ஃபுல்தான்,
மூன்று வருஷமாக, பதினாலு நாளுக்கு ஒருமுறை
வீட்டுக்கு வந்து நாற்காலியிலேயே தூங்கிப் போனாலும்.

ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன்.
நிறைந்த டாங்க் புரளாது.
காலி டாங்கும் புரளாது.
"கேக்குதா?" என்றான்.
"கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றேன்.

பிறகு நோட்டை எடுத்து
மைலை எழுதினேன்.
பழக்கம்.